வந்தவாசி ரோட்டுச் சுமைதாங்கி

என்னோடு புதுச்சேரியில் படித்த நண்பர் ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வுக்குப் பிறகு ஸ்த்ராஸ்பூர் நகரத்துப் பக்கம் குடியேறிவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சாலையோரத்தில் இரண்டு கற்கள் நிற்கின்றன. அவற்றின் தலைமேல் குறுக்காக ஒரு கல். கீழே உட்காருவதற்குத் தாழ்வாக இன்னொரு கல். "உங்க செய்யாத்துச் சுமைதாங்கி இங்க எப்படி வந்துச்சு பாத்தியாப்பா?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சங்கடம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குச் சுமைதாங்கியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் பேரனிடம் கேட்டால் அது ஒரு பழைய சினிமாப் படம் என்கிறான். அதுவும் சரிதான். 1962இல் ஸ்ரீதர் எடுத்த படம். குடும்பப் பாரத்தைச் சுமக்கும் ஒருவனுக்கு அந்தப் பெயரை வைத்தபோது, கல் எது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைச்சுமைக்காரரின் கஷ்டம் சுமையின் கனம் மட்டுமல்ல. ஒரு மல்லாட்டை மூட்டையையோ விறகுக் கட்டையோ தலையில் ஏற்றிவிட்டால், தனியாளாக அதை இறக்கவும் முடியாது, இறக்கினால் மறுபடி ஏற்றவும் முடியாது. வழியில் யாராவது வந்து ஒரு கை பிடிக்க வேண்டும். வெயிலில் ஆளில்லாத சாலையில் அப்படி யார் வருவார்கள்? கழுத்து இற்றுப்போனாலும் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும். அந்த இல்லாத ஆளுக்குப் பதிலாக நின்றதுதான் கல். அதன் உயரம் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும். முழங்காலைச் சற்று மடக்கினால் சுமை கல்லுக்கு நகர்ந்துவிடும். புறப்படும்போது சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, கல்லின் ஓரத்துக்கு மூட்டையை இழுத்து, தலையைக் கீழே கொடுத்து நிமிர்ந்தால் போதும். இன்னொருவர் தயவு தேவையில்லை. அரை அடி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பயனில்லை. கல் நட்டவர்கள் அளவு தெரிந்துதான் நட்டார்கள்.

எங்கள் ஆயா வீடு செய்யாற்றில். கோடை விடுமுறைக்குப் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், வந்தவாசி வழியாக பஸ்ஸில் வருவோம். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து கோரைப் பாய் விற்க வருபவர்கள், மோர்க்காரப் பெண்கள், சந்தைக்கு மூட்டை கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரு மூச்சு நிற்பார்கள். ஆயாவோடு அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் அவள் அந்தக் கல்லை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் நகர்வாள். கல்லில் எழுத்து இருந்தது. "என்னா எழுதியிருக்கு, படிடா" என்பாள். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பையன். விக்தோர் யூகோவைப் பற்றிக் கேட்டால் ஒப்பித்திருப்பேன். தேய்ந்துபோன தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க வரவில்லை. "எம்மாம் பீஸ் கட்டிப் படிக்கிற, இது தெரியலியா" என்று சிரித்துவிட்டு அவளே சொன்னாள்.

பிள்ளை பெறாமல், வயிற்றுச் சுமையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டுக்காரர்கள் நட்ட கல் அது. இறக்கி வைக்காத சுமையோடு அவள் போய்விட்டாளாம். வழியில் போகிற யாரோ ஒருவர் தன் சுமையை அங்கே இறக்கும்போதெல்லாம் அவள் சுமையும் கொஞ்சம் இறங்குமாம். தமிழ்நாட்டில் பல ஊர்ச் சுமைதாங்கிகளுக்கும் இதுதான் காரணம் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. பிரசவம் மறுபிறவி என்று சொன்ன காலம். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்தது. ஒரு வீட்டில் அப்படி ஒரு சாவு விழுந்தால், அழுது முடித்த பிறகு மிச்சமிருந்தவர்கள் செய்த காரியம், முகம் தெரியாத சுமைகாரர்களுக்கு ஒரு கல் நட்டது. எனக்கு மறுபிறவி விஷயங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் துக்கத்தை இவ்வளவு உபயோகமான பொருளாக மாற்றியவர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள் என்று எழுதப் போவதில்லை. சாலையில் "ஒரு கை பிடிங்க" என்று கேட்பதற்கும் சாதி பார்க்க வேண்டியிருந்தது. யார் சுமையை யார் தொடுவது என்பதற்குக் கணக்கு இருந்தது. சேரியிலிருந்து வந்த ஒரு பெண், எதிரே நாலு பேர் வந்தாலும் உதவி கேட்க முடியாமல் நடந்தே போயிருப்பாள். தண்ணீர்ப் பந்தலிலேயே தனிக் குவளையும் தூக்கி ஊற்றுவதும் உண்டு என்பதை நாம் பார்த்திருக்கிறோம். பந்தலில் ஊற்றுவதற்கு ஒரு ஆள் நின்றார், அவருக்குக் கண் இருந்தது. சுமைதாங்கியில் ஆள் இல்லை. இறக்கி வைப்பவர் யார் என்று கல் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இதைக் குமாஸ்தாவாக இருந்தவன் புத்தியில்தான் சொல்ல முடியும். சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் வருகின்றன. தண்ணீர் ஊற்றுகிறவருக்கு இவ்வளவு, பானை கொடுக்கும் குயவருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்திருப்பார்கள். அதாவது தொடர் செலவுக்கு ஒதுக்கீடு. சத்திரத்துக்கு இன்னும் பெரிய ஒதுக்கீடு வேண்டும். தஞ்சாவூர் மராத்திய ராஜாக்கள் கட்டிய சத்திரங்களுக்கு ஊர் ஊராக மானியம் இருந்தது. ஒதுக்கீடு நின்றால் தர்மமும் நின்றுவிடும். சுமைதாங்கிக்கு மூன்று கல், ஒரு கல்தச்சர், ஒரு வண்டி வாடகை. அதற்குமேல் ஒரு காசு செலவில்லை. நிலம் இல்லாத குடும்பமும் கடன் வாங்கியாவது செய்துவிடலாம். ஏழையின் அறக்கட்டளை என்று இதைத்தான் சொல்வேன். இது நம் ஜில்லாவோடு நின்ற வழக்கமும் இல்லை. வாலாஜா பக்கம் காவேரிப்பாக்கத்தை அடுத்து சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. கேரளத்தில் இதையே அத்தாணி என்பார்கள். கொச்சி விமான நிலையத்தில் இறங்கியவர்கள் அத்தாணி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கலாம்.

நண்பர் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அல்சாஸ் பிரதேசத்தில் அந்தக் கற்கள் நிறைய இருக்கின்றன. நெப்போலியன் சக்கரவர்த்திக்கு 1811ஆம் ஆண்டு மார்ச் 20இல் மகன் பிறந்தான். பிறந்தவுடனேயே அவனுக்கு ரோமாபுரி ராஜா என்று பட்டம். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஸ்த்ராஸ்பூரில் இருந்த பிரிபே, நம் கணக்கில் கலெக்டர், லெசே-மார்னேசியா என்பவர், சாலையோரங்களில் இப்படி இளைப்பாறும் கல் போடச் சொல்லி ஊர்களுக்குக் கேட்டுக்கொண்டார். சந்தைக்குத் தலையில் கூடை சுமந்து போகும் கிராமத்துப் பெண்களுக்காக மேலே உயரமான கல், உட்காரக் கீழே ஒரு கல், நிழலுக்கு மரம். பிறகு மூன்றாம் நெப்போலியன் 1853இல் யூஜெனி அம்மையாரை மணந்தார். அதன் நினைவாக, அம்மையாரின் விருப்பப்படி, 1854இல் மேலும் பல இடங்களில் வைத்தார்கள்.

அதே மூன்றாம் நெப்போலியன் பெயர்தான் புதுச்சேரி பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபத்தோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆயி என்ற தாசி, ராஜா கோபத்துக்கு ஆளாகி, தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஜனங்களுக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, அவள் பேரில் மண்டபம் எழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு அந்த வெள்ளை மண்டபத்தின் படியில் உட்கார்ந்துதான் நாங்கள் பட்டாணி தின்போம்.

அல்சாஸ் கல்லையும் வந்தவாசி ரோட்டுக் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். உருவம் ஒன்று, வேலை ஒன்று. அங்கே ஒரு ராஜகுமாரன் பிறந்ததற்காகச் சர்க்கார் சொல்லி வைத்தது. இங்கே பிறக்காமல் போன ஒரு பிள்ளைக்காக, யாரும் சொல்லாமல் ஒரு குடும்பம் வைத்தது. அவர்களுடையது இன்று பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம். லண்டனில்கூட ஒன்று உண்டு. பிக்காடில்லி சாலையில் 1861இல் சுமைகூலிகளுக்காக வைத்த பலகை. 2014இல் அது காணாமல் போய்விட்டது. ஆட்கள் கேள்வி கேட்டதும் அதே மாதிரி புதிதாகச் செய்து வைத்தார்கள்.

இங்கே கேள்வி கேட்டவர் யாருமில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அப்பா காலமான பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு செய்யாற்றுக்கே வந்துவிட்டார். பிரெஞ்சில் படித்தவன் தட்டச்சும் தமிழும் கற்றுக்கொண்டு எழுத்தர் வேலையில் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. வட ஆற்காட்டைப் பிரித்து 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் உண்டாவதற்குச் சற்று முன்பு ஒரு சாலை விரிவாக்கக் கோப்பு என் மேசைக்கு வந்தது. சாலையின் இரு பக்கமும் இடையூறாக இருப்பவை எவை என்று பட்டியல் தயாரிக்க வேண்டும். மரங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். கோவில்களுக்கு ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். வரிசையில் ஒரு இடத்தில் 'கல் அமைப்பு - 1' என்று வந்தது. பக்கத்தில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம். 'எவருமில்லை' என்று நான்தான் எழுதினேன். எந்தக் கல் என்று எனக்குத் தெரியும். ஆயா இறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு மாலை கோப்பு போயாக வேண்டும் என்ற அவசரம். பஸ்ஸும் சைக்கிளும் வந்தபின் அங்கே சுமை இறக்கி வைத்தவரை நானே பார்த்து நாளாகியிருந்தது. 'நினைவுக்கல், பக்கத்தில் நகர்த்தி வைக்கலாம்' என்று குறிப்புப் பத்தியில் ஒரு வரி எழுத இடமிருந்தது. எழுதவில்லை.

பதில் தவறென்றும் சொல்ல முடியாது. நட்டவர்கள் உரிமை எதையும் வைத்துக்கொள்ளவில்லையே.

ரோடு போட்டார்கள். கல் போனது, புளியமரமும் போனது. பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்றபின், அதே சாலையில் ஒரு டீக்கடை வாசலில் சாக்கடைமேல் பாலமாகக் கிடந்த ஒரு நீளக் கல்லைப் பார்த்தேன். ஒரு முனையில் பறவைக் கொத்தல் மாதிரி ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சின்ன வயதில் என் விரல் நுழைந்த இடம். அதை மறந்துவிட முடியாது. எழுத்துப் பக்கம் கீழே இருந்தது. பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்படியே பத்து வருடத்துக்கு மேல் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

நண்பர் படம் அனுப்பிய மறுவாரம் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வாலிபர், சுமைதாங்கி என்றால் என்னவென்றே கேள்விப்பட்டதில்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக் கதையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. "இதும்மேலயா சார் தினம் செருப்போட நடக்கறேன்" என்றார். பக்கத்து மெக்கானிக் கடைப் பையன்களைக் கூப்பிட்டு, கடப்பாரை போட்டு நான்கு பேராகப் புரட்டினார்கள். நிற்கும் கற்கள் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. சாக்கடைக்கு சிமெண்டுப் பலகை வாங்க நான் பணம் கொடுத்தேன், பாதிதான் வாங்கிக்கொண்டார். கல்லைக் கழுவி, செங்கல் அடுக்கி, கடையோரமாக எழுத்து வெளியே தெரியும்படி திண்ணை மாதிரி வைத்திருக்கிறோம். மண்ணைப் பார்த்துக் கிடந்ததால் எழுத்து முன்னைவிடத் தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழ் வருஷமும் மாதமும் இருக்கின்றன. அவள் பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை, அந்தக் குடும்பத்தார் இன்னும் பக்கத்தில் எங்காவது இருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தலையில் வைத்து வந்த ஒரு அம்மாள், கல்லின் பக்கத்தில் நின்று, கஷ்டப்பட்டுக் குனிந்து மூட்டையை அதன்மேல் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது, "ஐயா, கொஞ்சம் தூக்கி உடறீங்களா" என்றார். திண்ணை உயரத்தில் வைத்துவிட்டோம் அல்லவா, தலையைக் கீழே கொடுக்க முடியாது. நான் ஒரு பக்கம் பிடித்தேன். எழுபத்து நான்கு வயது முதுகு ஒத்துழைக்கவில்லை. கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார்.