எபிடியூரல் யாருக்காகத் தொடங்கியது?

நலமான கருத்தரிப்புக்கு எபிடியூரல் ஒரு வசதி, சிக்கலான கருத்தரிப்புக்கு அது ஓர் இடர் எனப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் மாணவரிடையே உண்டு. வரலாறு இப்பிரிவினைக்கு இடந்தரவில்லை.

இடுப்புவழி எபிடியூரலை 1921இல் விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு இராணுவ அறுவை மருத்துவர் ஃபிடெல் பாகெஸ். ஸ்பானிய மொழியில் வெளிவந்த அவர் கட்டுரையைப் பிறர் நெடுநாள் கவனிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவரும் விபத்தில் மறைந்தார்.

1942 சனவரி 6. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த மரீன் மருத்துவமனைக்கு, கடலோரக் காவற்படை வீரர் ஒருவரின் மனைவி அவசர சிசேரியனுக்காகக் கொண்டுவரப்பட்டார். இளவயதில் கண்ட ருமாட்டிக் காய்ச்சல் அவர் இதயத்தைப் பழுதாக்கியிருந்தது. பிரசவ வேதனையையும் தாங்கார், முழு மயக்கத்தையும் தாங்கார் என மருத்துவர்கள் கணித்தனர். ராபர்ட் ஹிங்சனும் வால்டோ எட்வர்ட்ஸும் முதுகெலும்பின் அடிப்புழை வழியாக எபிடியூரல் வெளியில் ஊசியை நிலைநிறுத்தி, மருந்தைத் தொடர்ந்து செலுத்தினர். தாயும் சேயும் பிழைத்தனர். பேறுகாலத் தொடர் எபிடியூரலின் புகழ்பெற்ற முதல் நோயாளி, இன்றைய சொல்லில், உயர் இடர்க் கர்ப்பிணியே.

ஆனால் காத்த பண்பே கொல்லவும் வல்லது. எபிடியூரல் வலியோடு பரிவு நரம்புகளையும் தடுக்கிறது, குருதிக்குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் தாழ்கிறது. சுருங்கிய வால்வுடைய இதயத்தால் அத்தாழ்வை விரைந்து ஈடுசெய்ய இயலாது. ஆகவே மருந்தின் பெயரைவிட அதைச் செலுத்தும் வேகமே முதன்மையானது. (பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு என்றும் வியப்பு.)

மருந்தும் குற்றமற்றதன்று. கருவுற்ற பெண்ணின் எபிடியூரல் சிரைகள் புடைத்திருக்கும்; ஊசி அறியாமல் சிரைக்குள் புகலாம். பியூபிவகெய்ன் இவ்வாறு கலந்து இதயம் நின்ற நிகழ்வுகளை 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் எடுத்துரைத்தார். அதன் 0.75 விழுக்காட்டுச் செறிவு பின்னர் அமெரிக்கப் பேறுகாலப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

கடும் பிரீ எக்ளாம்சியாவில் அழுத்தம் சரியுமென்று அஞ்சி எபிடியூரலை நெடுங்காலம் விலக்கினர். வீங்கிய தொண்டையில் சுவாசக்குழாய் செருகுவது அதனினும் கொடிது என்று உணர்ந்தபின் நிலைப்பாடு மாறியது. எஞ்சிய அச்சம் தட்டணுக் குறைவு: எண்ணிக்கை சரிந்தால் குருதி கசிந்து தேங்கித் தண்டுவடத்தை நெரிக்கக்கூடும்.

ஸ்டேட்டன் தீவுப் பெண்ணின் நோய் இன்று அமெரிக்கப் பேறுகால வார்டுகளில் அரிது, இந்தியாவில் அரிதன்று. இங்கே அத்தகைய தாய் நள்ளிரவில் வந்து சேரும்போது, மருந்தை மெல்ல மெல்ல ஏற்றி மணிக்கணக்கில் அருகிருந்து அழுத்தத்தைக் கவனிக்க மயக்கவியல் மருத்துவர் ஒருவர் வேண்டும். பல சிற்றூர் மருத்துவமனைகளில் அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது.