மறந்துபோன பந்தயங்களைத் தேடி...



மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் பத்துப் பேர் எழுதுவார்கள், நாம் வேறு எதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நான் மெக்கானிக்கல் முடித்தவன். பகலில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டிசைன் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் இன்னொரு வேலை. கார்ப் பந்தய வீடியோ கேம் ஒன்றில், ஐம்பது வருஷத்துக்கு முன் நின்றுபோன பந்தயங்களை மறுபடி ஓட வைப்பது! என் பேட்ச்காரர்கள் மூன்று பேர் இதில் கூட்டு. "இந்த வயசில் என்ன விளையாட்டு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது சரித்திர ஆராய்ச்சியாக மாறிவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எந்தப் பந்தயம்?

ஃபார்முலா ஒன் என்றால் எல்லோருக்கும் உலக சாம்பியன்ஷிப்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே வகைக் கார்களை வைத்துச் சில நாடுகள் தங்களுக்கென்று தேசிய சாம்பியன்ஷிப்பும் நடத்தியிருக்கின்றன. பிரிட்டனில் 1978 முதல் 1980 வரையும், பிறகு 1982-லும் அப்படி ஒன்று நடந்தது. 1980-ல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் அந்தத் தொடரின் ஒரு பந்தயத்தை ஜெயித்தவர் டெசிரே வில்சன். ஃபார்முலா ஒன் காரில் பந்தயம் ஜெயித்த பெண் இன்றுவரை அவர் ஒருவர்தான். இந்தத் தகவலே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த வில்சன் தென்னாப்பிரிக்காக்காரர். அவருடைய நாட்டில் பிரிட்டனுக்கு வெகு முன்பே, 1960 முதல் 1975 வரை, தேசிய ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் நடந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

பதினாறு வருஷம், ஐந்தே ஐந்து சாம்பியன்கள். சிட் வான் டெர் வைவர் 1960, 61 இரண்டிலும். எர்னி பீட்டர்ஸ 1962-ல். நெவில் லெடர்லி 1963-ல். அதன்பின் 1964 முதல் 1969 வரை தொடர்ந்து ஆறு முறை ஜான் லவ். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை டேவ் சார்ல்டன். கணக்குச் சரியாகப் பதினாறு வருகிறதா?

பெயர்தான் தென்னாப்பிரிக்க சாம்பியன்ஷிப். பந்தயங்கள் பக்கத்து நாடுகளிலும் நடந்தன. அன்றைய ரொடீஷியாவின் புலவாயோவிலும், போர்ச்சுகல் ஆண்ட மொசாம்பிக்கின் லொரன்சோ மார்க்கஸிலும் ஓடியிருக்கிறார்கள். ரொடீஷியா 1980-ல் ஜிம்பாப்வே ஆனது. லொரன்சோ மார்க்கஸ் இன்றைய மபூட்டோ. ஆறு முறை சாம்பியனான ஜான் லவ்வே புலவாயோக்காரர்தான்.

ஒர்க்‌ஷாப் எஞ்சினியர்கள்

நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத் பிடித்தவர்களுக்கு இந்தக் கார்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆரம்ப வருஷங்களில் அங்கே ஓடியவற்றில் பல, உள்ளூர் ஷெட்டில் பிறந்தவை. டக் செருரியர் என்பவர் கூப்பர், பிராபம் கார்களின் அமைப்பைப் பார்த்துத் தானே சேஸிஸ் கட்டினார். தன் முழுப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'எல்.டி.எஸ்.' என்று பெயரும் வைத்தார். ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் பூட்டிய அந்தக் கார்கள் உலக சாம்பியன்ஷிப்பின் தென்னாப்பிரிக்கப் பந்தயத்திலேயே போய் நின்றிருக்கின்றன. வீட்டுக் கார் எஞ்சினை எடுத்துக்கொண்டு ஜிம் கிளார்க்கோடு மோதுவது என்றால் சும்மாவா!

1967-ல் காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின் வந்தது. 3 லிட்டர், 8 சிலிண்டர், சுமார் 400 குதிரைசக்தி. கொஞ்ச நாளில் அது காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் சரக்காகிவிட்டது. லவ்வும் சார்ல்டனும் லோட்டஸ் கார்களுக்கு மாறினார்கள். ஷெட்டில் கட்டிய கார்கள் ஓரங்கட்டப்பட்டன.

விளையாட்டில் ஒரு காரின் குணம் முழுவதும் சின்னச் சின்னக் கோப்புகளில் எண்களாக இருக்கிறது. எத்தனை சுழற்சியில் எவ்வளவு டார்க், ஸ்பிரிங் எவ்வளவு கடினம், எடை முன்னால் எத்தனை சதவீதம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் எண் வேண்டும். ரிசல்ட் புத்தகத்தில் "எல்.டி.எஸ். - ஆல்ஃபா" என்று ஒரு வரியைப் படித்துவிட்டுப் போய்விடலாம். அந்த வண்டியை ஓட வைக்க வேண்டுமானால் அந்த ஒரு வரிக்குள் நூறு கேள்வி எழும்.

ஏற்காட்டில் ஒரு ரேஸ்

தம்பிகளுக்கு ஒரு தெர்மோடைனமிக்ஸ் கணக்கு. ஈஸ்ட் லண்டன் தடம் கடலோரத்தில் இருக்கிறது. ஜொஹானஸ்பர்க் அருகே 1961-ல் திறந்த க்யாலமி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். நம்ம ஏற்காடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு அந்த அளவுக்குக் குறையும். கடற்கரையில் 200 குதிரைசக்தி கொடுத்த எஞ்சின் க்யாலமியில் 172-தான் கொடுக்கும்.

அப்படியானால் உச்ச வேகமும் குறைய வேண்டும் இல்லையா? அங்கேதான் வேடிக்கை. காற்றுத் தடையும் அதே 14 சதவீதம் குறைகிறது. அதனால் நேர்ப்பாதையில் உச்ச வேகம் ஏறக்குறைய அதேதான். வளைவிலிருந்து வெளியேறி வேகம் பிடிப்பதுதான் மந்தமாகும். இதை நான் ஸ்கிரீனில் பார்த்த அன்று, பரீட்சைக்காக உருப்போட்ட சமன்பாடு முதல் முறையாக உயிரோடு வந்து நின்ற மாதிரி இருந்தது.

தடத்தைக் கட்டுவது இன்னும் சிரமம். க்யாலமியில் பழைய தடம் இன்று இல்லை. 1992-ல் மறுபடி திறந்தபோது பெரும்பகுதி மாறிவிட்டது. பழைய தடத்தில் லியூகாப் வளைவிலிருந்து வெளியேறி, கிங்க்கைத் தாண்டி, க்ரௌத்தோர்ன் வரை ஒரே இறக்கம். அந்த இறக்கத்தின் சாய்வைப் பழைய வான்படங்களையும் நில உயரக் கோடுகளையும் வைத்து ஒட்டுப்போட எங்களுக்கு ஆறு மாதம் ஆனது. மேடு பள்ளம் தவறினால் பிரேக் பிடிக்கிற இடம் தவறும். பிரேக் தவறினால் பந்தயமே வேறு பந்தயமாகிவிடும்.

ஏழு சுற்று மிச்சம்

1967 ஜனவரி 2. க்யாலமியில் உலக சாம்பியன்ஷிப் பந்தயம். உள்ளூர் சாம்பியன் ஜான் லவ்வுக்கு அப்போது வயது 42. அவருடைய வண்டி பழைய கூப்பர். எஞ்சின் 2.7 லிட்டர், நாலே சிலிண்டர் க்ளைமாக்ஸ். எதிரே 12 சிலிண்டர் மஸெராட்டி முதல் பல பெரிய எஞ்சின்கள். லவ் தகுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்தார். ஜான் சர்டீஸுக்கே முன்னால்!

பந்தயத்தில் ஒவ்வொருவராகக் கோளாறில் மாட்டினார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த டென்னி ஹல்ம் பிரேக் தொந்தரவால் பின்தங்கினார். இப்போது முதல் இடத்தில் ஜான் லவ். ஃபேக்டரி டீம்கள் அத்தனையையும் பின்னால் விட்டு, சொந்தக் காரில் வந்த உள்ளூர்க்காரர்.

வினை பெட்ரோலில் இருந்தது. அந்த கூப்பர், ஆஸ்திரேலியா - நியூசிலாந்து டாஸ்மன் தொடருக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பந்தயங்கள் சுமார் 160 கிலோமீட்டர். க்யாலமியிலோ 80 சுற்று, கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர். கூடுதல் தொட்டி பொருத்தியும் போதவில்லை. ஏழு சுற்று மிச்சமிருக்கும்போது லவ் பெட்ரோலுக்காக உள்ளே வர வேண்டியதாயிற்று. மெக்ஸிகோவின் பெட்ரோ ரொட்ரிகெஸ் ஜெயித்தார். லவ் இரண்டாவது. வித்தியாசம் 26.4 செகண்ட்.

எங்கள் விளையாட்டில் லவ்வின் காரை எடுத்துக்கொண்டு ஜெயிக்க முடியும். தொட்டி அளவு என்ற ஓர் எண்ணை மாற்றினால் போதும். நான் அதை மாற்றவில்லை. பெட்ரோல் முள் கீழே இறங்க இறங்க, கண்ணாடியில் ரொட்ரிகெஸின் கார் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினால்தான், அந்த மனிதர் உள்ளே திரும்பிய கணம் எவ்வளவு கனமானது என்று புரிகிறது.

காலி மேடைகள்

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது எஞ்சினைப் பற்றி அல்ல, பார்வையாளர்களைப் பற்றி. தடத்தின் ஓரத்தில் அட்டை மனிதர்களை நிறுத்துவது வழக்கம். விளையாட்டோடு வரும் படக்கட்டில் எல்லா நிறத்தவரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். "அப்படியே போட்டுடு, யார் பார்க்கப் போறா?" என்றான் ஒருவன்.

நாங்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்து ராய் ஹெஸ்கத் தடம். 1893-ல் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர். 1860-ல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கிய நேட்டால் பகுதி. நம் சனங்களின் பேரன் பேத்திகள் அந்த ஊரில் வாழ்ந்துகொண்டிருந்த நாளில்தான் இந்தப் பந்தயங்கள் நடந்தன. 1953-ன் சட்டப்படி பொது இடங்களில் நிறத்துக்கு ஒரு பக்கம். சாம்பியன்கள் ஐந்து பேரும் வெள்ளையர்கள். அது தற்செயல் இல்லை.

எல்லோரையும் கலந்து உட்கார வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பொய். பிரித்து உட்கார வைக்கவோ எங்கள் யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் மேடைகளைக் காலியாக விட்டோம். விளையாட்டு ஆரம்பிக்கும் திரையில், இந்த மேடைகள் ஏன் காலி, எந்தச் சட்டம், எந்த வருஷம் என்று நாலு வரி எழுதி வைத்தோம். லவ்வின் திறமையும் நிஜம், அந்தச் சட்டமும் நிஜம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எங்களுக்கு மனசில்லை.

நம்ம சோழவரம்?

ஃபார்முலா ஒன் காரின் செலவு கட்டுப்படியாகாமல், 1976-ல் தென்னாப்பிரிக்கா ஃபார்முலா அட்லாண்டிக் என்ற மலிவான வகைக்கு மாறியது. பழைய சாம்பியன்ஷிப் அத்தோடு முடிந்தது. ஆனாலும் நாலு தமிழ்ப் பையன்கள் உட்கார்ந்து அதைத் திரும்பக் கட்ட முடிந்தது. ஏன்? யாரோ போட்டோவைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். யாரோ சுற்று நேரங்களை எழுதி வைத்திருந்தார்கள்.

நம் கதை என்ன? இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. சோழவரம் பேச்சில் மட்டும் மிஞ்சி நிற்கிறது. எங்கள் அடுத்த வேலை அதுதான்.

அதனால் சீனியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களில் பலர் அந்த நாளில் பஸ் பிடித்துச் சோழவரம் போயிருப்பீர்கள். பரணில் ஒரு நிகழ்ச்சி நிரல் புத்தகம், பின்னணியில் தடம் தெரியும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கார் ரிப்பேர் பார்த்த ஒரு நோட்டு இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நகலெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். தம்பி தங்கைகளே, சர்வே கேம்ப்பில் கற்றதும் தெர்மோவில் கற்றதும் இதில் நிச்சயம் பயன்படும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நேரமிருப்பவர்கள் வரலாம். டீ எங்கள் செலவு!