கம்பியில்லாத் தூசி உறிஞ்சியும் இல்லப் பணிநேரமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டைத் தூய்மை செய்யும் கருவிகள் ‘உழைப்பைக் குறைப்பவை’ என்ற அறிமுகத்துடனேயே சந்தைக்கு வந்துள்ளன. 1901இல் இலண்டனில் உருவான தூசி உறிஞ்சி தொடங்கி, இன்று வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கப்படும் கம்பியில்லாத் தூசி உறிஞ்சி வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி மாறியபோதெல்லாம் பணியைச் செய்வோர், பணி நிகழும் கால இடைவெளி, தூய்மை குறித்த எதிர்பார்ப்பு ஆகியனவும் மாறியுள்ளன. மின்கம்பி நீங்கியதால் துப்புரவுப் பணி சிறுசிறு கூறுகளாகப் பிரிகிறது என்பதையும், அக்கூறுகள் பணிநேரக் கணக்கெடுப்புகளில் இடம்பெறாமல் போகக்கூடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தூசி உறிஞ்சி, இல்ல உழைப்பு, மின்கலம், பணிநேரக் கணக்கெடுப்பு, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் ஆலை, இருப்புப்பாதை, போர்க்கருவி ஆகியவற்றையே முதன்மைப் பொருளாகக் கொண்டிருந்தது. வீட்டினுள் புழங்கும் கருவிகளும் வரலாற்றுச் சான்றுகளே என்னும் நோக்கு 1970களுக்குப் பின்னரே வலுப்பெற்றது. அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்னும் நூல் இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். அடுப்பு, சலவை இயந்திரம், தூசி உறிஞ்சி போன்றவை வீட்டுக்குள் வந்த பின்னரும் குடும்பத் தலைவியின் உழைப்பு ஏன் குறையவில்லை என்பதே அந்நூலின் மைய வினா.

அந்நூல் வெளிவந்தபோது, மின்கலத்தால் இயங்கும் கருவி சிதறிய பொருளை அள்ளும் சிறு துணைக்கருவியாக மட்டுமே இருந்தது. இன்று அது முழு வீட்டையும் தூய்மை செய்யும் முதன்மைக் கருவியாக வளர்ந்துள்ளது. எனவே, கோவன் எழுப்பிய வினாவைக் கம்பியில்லாத் தூசி உறிஞ்சியைக் கொண்டு மீண்டும் எழுப்ப வேண்டியுள்ளது. மின்கம்பி நீங்கியபோது எந்த உழைப்பு நீங்கியது, எது புதிதாகச் சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கம்பளமும் கூட்டு உழைப்பும்

தூசி உறிஞ்சி, கம்பளம் விரித்த வீடுகளுக்காக உருவான கருவி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் தயாரிப்பால் கம்பளத்தின் விலை குறைந்து, நடுத்தரக் குடும்பங்களிலும் அது பரவியது. கம்பளத்தின் இழைகளுக்குள் படியும் தூசியைத் துடைப்பத்தால் முழுமையாக அகற்ற இயலாது. ஆண்டுக்கு ஓரிரு முறை கனமான கம்பளங்களை வெளியே தூக்கிச் சென்று, கொடியில் தொங்கவிட்டு, பிரம்பால் அடித்துத் தூசி நீக்குவர். இப்பணியில் ஆண்களும் சிறுவர்களும் பங்கேற்றனர். வசதியுள்ள வீடுகளில் பணியாளர்கள் செய்தனர்.

இதனை எளிதாக்கும் முயற்சிகள் மின்சாரத்திற்கு முன்பே தொடங்கின. சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெக்காஃபி 1869இல் கையால் சுழற்றும் உறிஞ்சி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கையால் கருவியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் பிடியைச் சுழற்ற வேண்டியிருந்ததால் அதைப் பயன்படுத்துவது கடினமாக இருந்தது. 1876இல் மெல்வில் பிஸ்ஸல் காப்புரிமை பெற்ற உருளைத் துடைப்பான் பரவலாக விற்பனையானது. அவர் 1889இல் மறைந்தபின் அவருடைய மனைவி அன்னா பிஸ்ஸல் அந்நிறுவனத்தை ஏற்று நடத்தினார். இக்கருவிகளுக்கு மின்கம்பி இல்லை. இயக்கும் ஆற்றல் முழுவதும் மனித உடலிலிருந்தே வந்தது.

தெருவில் நின்ற இயந்திரம்

ஆங்கிலப் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத் 1901இல் இலண்டனில் ஒரு செய்முறை விளக்கத்தைக் கண்டார். அதிலிருந்த கருவி காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று சிந்தித்த அவர், நாற்காலி ஒன்றின் மீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிச் சோதித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவ்வாண்டே அவர் காப்புரிமையும் பெற்றார்.

பூத்தின் இயந்திரம் வீட்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. குதிரைகள் இழுத்துவந்த வண்டியில் பொருத்தப்பட்டுத் தெருவிலேயே நின்றது. நீண்ட குழாய்கள் சாளரங்கள் வழியாக உள்ளே செலுத்தப்பட்டன. சீருடை அணிந்த ஆண் பணியாளர்கள் அதனை இயக்கினர். 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவிற்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்கள் இவ்வியந்திரத்தால் தூய்மை செய்யப்பட்டன.

இங்குக் கவனிக்கத்தக்கது, தூசி உறிஞ்சி முதலில் ஒரு விற்பனைப் பொருளாக அன்றி, கட்டணச் சேவையாகவே அறிமுகமாயிற்று என்பதாகும். ஊதியம் பெறும் தொழிலாளர் வெளியிலிருந்து வந்து பணியை முடித்துச் சென்றனர். அப்பணிக்கு விலை இருந்தது. தொடக்கமும் முடிவும் இருந்தன. வீட்டுத் துப்புரவு ஊதியத் தொழிலாக மாறும் வாய்ப்பு இத்தொழில்நுட்பத்தின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

மின்கம்பியின் வருகை

அவ்வாய்ப்பை மங்கச் செய்தது சிறிய மின்மோட்டார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில் ஓர் அங்காடியின் துப்புரவுப் பணியாளராக இருந்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். ஆஸ்துமா நோயால் துன்புற்ற அவருக்குத் துடைப்பத்திலிருந்து கிளம்பிய தூசி பெருந்தொல்லையாக இருந்தது. மின்விசிறியின் மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு கருவியை அவர் உருவாக்கினார். 1908 ஜூன் 2 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் உற்பத்தியாளரான வில்லியம் ஹென்றி ஹூவர் அவ்வுரிமையை வாங்கித் தொழிலை விரிவுபடுத்தினார். ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1921இல் தரையில் சறுக்கிச் செல்லும் உருளை வடிவ ‘மாடல் வி’ கருவியை வெளியிட்டது.

1920இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்கு மட்டுமே மின்சாரம் இருந்தது. 1930இல் அது மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. அதே காலத்தில் வீட்டுப் பணியாளர்களை அமர்த்தும் வழக்கம் குறையத் தொடங்கியது. கிறிஸ்டீன் ஃபிரெடெரிக் போன்றோர், ஆலைகளுக்கென வகுக்கப்பட்ட மேலாண்மை முறைகளை இல்லப் பணிக்கும் பொருத்தி எழுதினர். இச்சூழலில், முன்னர்ப் பலர் கூடிச் செய்த பணியும், பூத்தின் ஊழியர் கூலிக்குச் செய்த பணியும் ஊதியமற்ற ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தன. கம்பளம் அடிக்கும் பணியிலிருந்து ஆண்களும் சிறுவர்களும் விடுபட்டனர் என்று கோவன் காட்டுவது இம்மாற்றத்தையே ஆகும்.

பணிநேரம் குறைந்ததா?

ஜோன் வானெக் 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊதியப் பணிக்குச் செல்லாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களில் வாரத்திற்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டுப் பணியில் செலவிட்டனர். 1960களில் அது 55 மணி நேரமாக இருந்தது. கருவிகள் பெருகிய அரை நூற்றாண்டில் பணிநேரம் குறையவில்லை என்பதே இதன் பொருள். கருவி வந்ததும் தூய்மையின் அளவுகோலும் உயர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை தூசி நீக்கப்பட்ட கம்பளம் வாரந்தோறும் தூய்மை செய்யப்பட வேண்டியதாயிற்று.

இம்முடிவை அனைவரும் அப்படியே ஏற்கவில்லை. பொருளியலறிஞர் வேலரி ரேமி 2009இல் வெளியிட்ட ஆய்வு, உழைக்கும் வயதுப் பெண்களின் வாராந்திர வீட்டுப் பணிநேரம் 1900க்கும் 1965க்கும் இடையில் ஏறத்தாழ 6 மணி நேரமும், 1965க்கும் 2005க்கும் இடையில் மேலும் 12 மணி நேரமும் குறைந்ததாகக் கணக்கிடுகிறது. 1900 முதல் 2005 வரையில் ஆண்களின் பணிநேரம் 13 மணி நேரம் உயர்ந்தது என்றும் அவர் காட்டுகிறார். வானெக் இல்லத்தரசிகளை மட்டும் கணக்கில் கொண்டார். ரேமியோ ஊதியப் பணிக்குச் சென்ற பெண்களையும் சேர்த்தார். இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டிற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். பெண்களின் பணிநேரம் பெரிதும் குறைந்த காலம், அவர்கள் பெருமளவில் ஊதியப் பணிக்குச் சென்ற காலத்தோடு ஒத்துள்ளது. ஆதலின் குறைவுக்குக் கருவியை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது.

கம்பி நீங்கிய வரலாறு

மின்கம்பி கருவிக்கு ஆற்றலைத் தந்தது. அதே வேளையில் பணிக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. கருவியை எடுத்து, கம்பியை விரித்து, அறைக்கு அறை செருகியை மாற்றி, இறுதியில் கம்பியைச் சுருட்டி வைக்க வேண்டும். இம்முன்னேற்பாடு தேவைப்பட்டதால் துப்புரவு, குறித்த நாளில் ஒரே மூச்சில் செய்யப்படும் பணியாக அமைந்தது.

இவ்வெல்லை நீங்கத் தொடங்கியது கைத்தொழிற் கருவிகள் வழியாகவே. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் மின்கலத்தால் இயங்கும் துளையிடு கருவியை வெளியிட்டது. அப்பல்லோ பயணங்களுக்கான நிலவுத் துளையிடு கருவியின் உருவாக்கத்திலும் அந்நிறுவனம் பங்கேற்றது. 1979இல் அது வெளியிட்ட ‘டஸ்ட்பஸ்டர்’ என்னும் கையடக்கக் கருவி, சுவரில் மாட்டிய தாங்கியிலேயே மின்னேற்றம் பெற்றது. அதிலிருந்த நிக்கல் காட்மியம் மின்கலம் முழுத் தரையையும் தூய்மை செய்யும் ஆற்றலுடையதன்று. காட்மியம் நச்சுத்தன்மையுடையது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஆணையின் வழி கையடக்க மின்கலங்களில் அதன் பயன்பாட்டைச் சில விலக்குகளுடன் தடைசெய்தது.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வணிகப் பொருளாக்கியது. நிக்கல் காட்மியம் கலம் ஒன்று 1.2 வோல்ட் தருகையில், லித்தியம் அயனிக் கலம் ஏறத்தாழ 3.6 வோல்ட் தருகிறது, எடையோ குறைவு. இம்மின்கலத்தை உருவாக்கிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். 2018இல் டைசன் நிறுவனம் நிமிடத்திற்கு 1,25,000 முறை சுழலும் மோட்டார் கொண்ட கம்பியில்லாக் கருவியை வெளியிட்டபோது, கம்பியுள்ள தூசி உறிஞ்சிகளை இனி உருவாக்கப்போவதில்லை என்றும் அறிவித்தது. துணைக்கருவியாகத் தொடங்கியது நாற்பதாண்டுகளுக்குள் முதன்மைக் கருவியாயிற்று.

பயன்பாட்டில் தோன்றிய மாற்றம்

கம்பியில்லாக் கருவி எளிதில் கைக்கு எட்டுகிறது. மாடிப்படி, மகிழுந்து போன்ற இடங்களுக்கும் செல்கிறது. கம்பி தடுக்கும் இடர் இல்லை. முதியோர்க்கும் மூட்டுவலி உடையோர்க்கும் இது மெய்யான நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதிகபட்ச உறிஞ்சு விசையில் மின்கலம் சில நிமிடங்களே நீடிக்கிறது. தூசிக் கலத்தின் கொள்ளளவும் பெரும்பாலும் ஒரு லிட்டருக்குக் குறைவு. ஆதலால் கலத்தை அடிக்கடி காலிசெய்தல், வடிகட்டியைக் கழுவி உலர்த்துதல், உருளையில் சிக்கிய தலைமுடியை வெட்டி நீக்குதல், மின்னேற்றத்தைக் கவனித்தல் ஆகிய புதிய பணிகள் சேர்கின்றன. மின்கலத்தின் கொள்திறன் ஆண்டுதோறும் குறைவதால் கருவியின் ஆயுள் மின்கலத்தின் ஆயுளோடு பிணைக்கப்படுகிறது. பயனரே மின்கலத்தைக் கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வருவதாக 2023இல் வகுக்கப்பட்டமைக்கு இத்தகைய நிலையே பின்னணியாகும்.

இவற்றினும் முதன்மையானது பணியின் கால அமைப்பில் ஏற்படும் மாற்றம். வாரம் ஒருமுறை நிகழ்ந்த பணி, உணவுக்குப் பின் மூன்று நிமிடம், குழந்தை எதையேனும் சிந்தியபின் இரண்டு நிமிடம் எனச் சிதறுகிறது. உடனே எடுக்கக்கூடிய கருவி இருக்கையில், சிந்தியது உடனே அகற்றப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உருவாகிறது. ஆண்டு, வாரம் என்று சுருங்கிவந்த தூய்மையின் இடைவெளி இப்போது நாளாகவும் வேளையாகவும் சுருங்குகிறது.

கணக்கெடுப்பும் காணாமற்போகும் நிமிடங்களும்

இந்தியாவில் 1982இல் எலக்ட்ரோலக்ஸின் பங்கேற்புடன் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் தூசி உறிஞ்சியை வீடுவீடாகச் சென்று விற்றது. சிமெண்டு, மொசைக், ஓடு பதித்த தரைகளைப் பெருக்கி ஈரத்துணியால் துடைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அது துடைப்பத்தின் இடத்தை முழுமையாகப் பெறவில்லை. தற்போது நகர்ப்புறக் குடும்பங்களில் கம்பியில்லாக் கருவிகள் இடம்பெறத் தொடங்கியுள்ள நிலையில், அவற்றால் நேரும் மாற்றத்தை அளக்க வழியுண்டா என்ற வினா எழுகிறது.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகின்றனர். 2019இல் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாளை அரைமணி நேரக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் 10 நிமிடமேனும் நீடித்த செயல்களையே பதிவு செய்தது. இதன்படி, ஒரு மணி நேரம் தொடர்ந்து பெருக்கித் துடைத்தால் அது கணக்கில் ஏறும். அதே உழைப்பு ஐந்தைந்து நிமிடங்களாக நாள் முழுதும் பரவினால் ஏறாமல் போகக்கூடும். கருவி மாறியதால் பதிவில் தோன்றும் குறைவு, உழைப்பில் நேர்ந்த குறைவாகத் தவறாகப் பொருள் கொள்ளப்படலாம். ஊதியமற்ற உழைப்பிற்கு மதிப்புக் கணக்கிடும் முயற்சிகள் இத்தகைய தரவுகளையே சார்ந்திருத்தலின், இது வெறும் முறையியல் சிக்கல் மட்டுமன்று.

முடிவுரை

தெருவில் நின்ற இயந்திரத்தின் காலத்தில் துப்புரவு ஊதியத்திற்குரிய சேவையாக இருந்தது. மின்கம்பியுடன் வீட்டுக்குள் வந்த கருவி அதனை இல்லத்தரசியின் வாராந்திரக் கடமையாக்கியது. மின்கலம் அக்கடமையை நாள் முழுதும் பரவிய சிறு செயல்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உடல் வருத்தம் குறைந்துள்ளது உண்மை. ஆயினும் உழைப்பு குறைந்தது என்று அதனைக் கொண்டே முடிவு செய்ய இயலாது. குறுகிய நேரச் செயல்களையும் பதிவு செய்யும் நாட்குறிப்பு முறையில், கம்பியில்லாக் கருவி வாங்குவதற்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பங்களை ஆராய்வதும், கருவியைக் கையில் எடுப்பவர் யார் என்பதையும் அதனைப் பேணுபவர் யார் என்பதையும் தனித்தனியே குறிப்பதும் மேலாய்வுக்குரிய களங்களாகும். அத்தகைய தரவு கிடைக்கும் வரை, ‘உழைப்பைக் குறைக்கும் கருவி’ என்ற தொடரை ஆய்வின் முடிவாகக் கொள்ளாமல், ஆராயப்பட வேண்டிய கருதுகோளாகக் கொள்வதே பொருத்தமுடையது.