கர்ப்பிணியும் அம்மையும்: கள்ளக்குறிச்சிச் சீமையில் ஓர் அச்சத்தின் வரலாறு

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் முதலிய ஊர்களிலும் அவற்றுக்கு மேற்கே எழும் கல்வராயன் மலைக் குடியிருப்புகளிலும், ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்துச் செருகப்பட்டுவிட்டால், அத்தெருவில் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண் அவ்வீட்டுப் பக்கம் போகலாகாது என்பது நெடுங்கால நியமம். அம்மை கண்ட குழந்தைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்குச் செய்ய வேண்டியவற்றைச் செய்து முடிக்கும் வரையில் அந்த விலக்கு நீடிக்கும். தன் வீட்டிலேயே அம்மை வந்துவிட்டாலோ, கர்ப்பிணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் உண்டு. அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. பல தலைமுறைத் தாய்மார் கண்ணீரோடு கற்ற அனுபவமே தெய்வ பக்தியின் ஆடை உடுத்து நியமமாயிற்று என்பதும், அந்நியமம் காக்கக்கூடியது எது, காக்க இயலாதது எது என்பதை அறிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

அந்த அச்சத்தின் மூலகாரணம் பெரியம்மை. சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பரிசீலித்து, 1972இல் அந்நோயைப் பற்றி உலகம் போற்றும் நூலொன்றை வெளியிட்ட டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், ரத்தக்கசிவோடு கூடியதும் பெரும்பாலும் மரணத்திலேயே முடிவதுமான கொடிய வகை, மற்றவர்களைக் காட்டிலும் கர்ப்பிணிகளையே மிகுதியாகப் பற்றியதென எடுத்துக்காட்டினார். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அதனோடு சேர்ந்து வந்தன. ஆகவே, வேப்பிலை கட்டிய வீட்டைக் கண்டு ஒதுங்கிய பாட்டிமாரின் அச்சம், பின்னாளில் மருத்துவமனைப் பதிவேடுகளும் மெய்ப்பித்த அச்சமேயாகும்.

இதற்குப் பரிகாரமாக வந்த அம்மை குத்தும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை ராஜதானியில் காலடி வைத்தது. 1905 முதல் கிண்டி கிங் நிலையத்தில் அதற்கான அம்மைப்பால் பெருமளவில் தயாராயிற்று. 1939இல் இந்தியாவிலேயே முதலாவதான பொதுச் சுகாதாரச் சட்டமும் இம்மாகாணத்தில் இயற்றப்பட்டது. எனினும், அம்மை குத்துகிறவர் வண்டிப்பாதை உள்ள ஊர்களை எளிதில் அடைந்ததுபோல், கோமுகி ஆறு பிறக்கும் கல்வராயன் மலைகளின் மேலிருந்த மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களை அடைந்திருக்க இயலாது. 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த அம்மலைக்கு, சாலையும் பள்ளியும் மருத்துவமும் சமவெளியினின்றும் வெகுவாகப் பிந்தியே போய்ச் சேர்ந்தன. இந்தத் தாமதம் இவ்வரலாறு முழுவதிலும் தொடர்வது.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1980இல் உலகமே அதனின்று விடுதலை பெற்றதென அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, அச்சம் போகவில்லை. அது தன் முழுப் பாரத்தையும் சின்னம்மையின்மேல் இறக்கி வைத்தது. இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. குளிர்நாடுகளில் சின்னம்மை பள்ளிப் பருவத்துக்குள்ளேயே பெரும்பாலோர்க்கு வந்து போய்விடுவது. வெப்பநாடுகளிலோ பலர் அது வராமலே வாலிபத்தை எட்டிவிடுகின்றனர். 1963இல் மாரெட்டிச், கூரே என்னும் இருவர் இலங்கையின் நிலைமையை ஐரோப்பிய நாடொன்றின் நிலைமையோடு ஒப்பிட்டு இந்த வேற்றுமையைப் பதிவு செய்தனர். எனவே, குழந்தைப் பருவத்து நோய் என்று பெயரெடுத்த ஒன்று, நம் நாட்டில் முதற்பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு வரக்கூடியதாகவே உள்ளது. வந்தால் தாய்க்கு நுரையீரல் அழற்சி உண்டாகலாம். கர்ப்பத்தின் முதல் 20 வாரங்களில் வந்தால் சிசுவுக்கு ஊனம் நேரும் வாய்ப்பு உண்டாயினும், அது மிகுந்த பட்சம் நூற்றுக்கு இரண்டளவே. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரையில் தாய்க்குக் கொப்புளம் தோன்றினால் மட்டும் பிறந்த சிசுவின் உயிருக்கே அபாயம் உண்டு. “வவுத்துல இருக்குற புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?” என்று இரவெல்லாம் கலங்கும் பெண்ணிடம் இந்தக் கணக்கைப் பொறுமையோடு எடுத்துச் சொல்வதே ஒரு சிகிச்சை என்பேன், நூற்றில் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாத பங்கு ஆறுதல் அதில் இருக்கிறது.

ஆனால் உண்மையான பகை வேறொரு வாசலில் நின்றது. அதன் நிலைப்படியில் வேப்பிலை இல்லை. ரூபெல்லா என்னும் அந்நோய் குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் இளஞ்சூட்டையும் மெல்லிய தடிப்பையும் தந்து, காதின் பின்புறம் நெறி கட்டச் செய்து, மருந்தின்றியே அகன்றுவிடும். பலர்க்குத் தடிப்பே தோன்றுவதில்லை. 1866இல் ஹென்றி வீல் என்னும் ஆங்கிலேய ராணுவ மருத்துவர், இந்தியாவில் தாம் கண்ட நோயாளிகளைக் கொண்டே இதனை வருணித்து அப்பெயரை இட்டார். ஆயினும் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு இதனை ஒரு பொருட்டாக எவரும் மதிக்கவில்லை. சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு தம்மிடம் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் தொகை திடீரெனப் பெருகியதைக் கண்டு, அவர்தம் தாய்மாரின் கர்ப்பகால வரலாற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, 78 குழந்தைகளுள் 68 பேரின் தாய்மார்க்கு அந்நாளில் ரூபெல்லா கண்டிருந்ததென 1941இல் அறிவித்தபோதுதான், அற்பமெனப் பட்ட நோயின் கோர முகம் வெளிப்பட்டது. முதல் 12 வாரங்களில் அது தாயைத் தொற்றினால், பத்தில் எட்டு ஒன்பது சிசுக்களுக்குக் கண்ணோ, செவியோ, இருதயமோ கெடும். தாய்மாரின் வார்த்தைக்குச் செவி சாய்த்ததால் பிறந்த கண்டுபிடிப்பு இது என்பதை மருத்துவ உலகம் மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் இதன் தடயத்தைக் கண்டதும் கண் மருத்துவமே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரை கொண்ட குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வு, காயத்தால் வராத கண்புரைகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தும், ஒரு வயதுக்கு உட்பட்டோரிடம் நான்கில் ஒன்றும் கருவிலே தொற்றிய ரூபெல்லாவின் விளைவு என்று காட்டிற்று. தெய்வ குற்றம் என்றும், கிரகணத்தில் வெளியே வந்த தோஷம் என்றும், தாயின்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் எத்தனை இந்தக் கிருமிக்கு உரியனவோ என்று எண்ணுகையில் நெஞ்சு பதறுகிறது. வேப்பிலை நியமம் இங்கே தோற்றது அதனைக் கடைப்பிடித்தவர்களின் குற்றமன்று. தடிப்புத் தோன்றுமுன்பே ஒரு வார காலம் பரவவல்ல நோயை, தடிப்பைக் கண்டபின் விலகும் வழக்கம் எங்ஙனம் தடுக்கும்?

விலகி நிற்பதால் ஆகாதது தடுப்பூசியால் ஆகும். 1969இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நம் மாநிலத்தில் அரசுத் திட்டமாக அது வந்ததோ 2017 பிப்ரவரியில். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள ஏறத்தாழ 1.76 கோடிக் குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தமிழக அரசு முனைந்தபோது, வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் கலங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதிருந்ததும், மார்ச் மாதத்துக்கும் அம்முயற்சியை நீட்டிக்க நேர்ந்ததும் நாம் அறிந்தவை. அப்பொழுது விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அதற்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் கிரீஸ் நாட்டின் அனுபவம் நமக்கு எச்சரிக்கையாகும். அங்கே 1975 முதல் ரூபெல்லா ஊசி பாதிப் பேருக்கும் குறைவாகவே போடப்பட்டு வந்தது. அதன் பயனாக, குழந்தைகளிடம் நோய் குறைந்தது. ஆனால் தொற்றையும் அடையாமல், ஊசியையும் பெறாமல் வளர்ந்த பெண்களின் தொகை பெருகிற்று. 1993இல் நோய் மீண்டும் பரவியபோது, கருவிலே பாதிக்கப்பட்ட குழந்தைகள் முன்னிலும் மிகுதியாகப் பிறந்தன. அரைகுறைத் தடுப்பு கர்ப்பிணிக்குத் தீமையே செய்யும் என்னும் இந்த உண்மையைக் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் குடும்பத்தோடு போய்வரும் மலைமக்களின் பிள்ளைகள் ஊசி நாளில் ஊரில் இல்லாதிருந்தால், பள்ளியை விட்டு நின்ற சிறுமிக்கு இளவயதிலேயே விவாகம் நடந்துவிட்டால், சமவெளி முழுவதும் காக்கப்பட்ட காலத்தில் மலைமேலிருக்கும் பெண் மாத்திரம் காப்பின்றி நிற்பாள்.

ரூபெல்லா ஊசி உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்ததாகையால், கர்ப்பம் தரித்தபின் அதனைப் போடலாகாது. ஆகவே கர்ப்பிணியின் கவலையைத் தீர்க்கும் காலம், அவள் கர்ப்பிணியாகுமுன்னரே வந்து போய்விடுகிறது. 2017இல் பதினைந்து வயதைக் கடந்திருந்த பெண்களும், அந்நாளில் விடுபட்ட சிறுமிகளும் விவாகத்துக்கு முன்னரே மருத்துவரைக் கேட்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்; கர்ப்பகாலத்தில் அம்மை கண்ட குழந்தையோடு பழக நேர்ந்தவர்கள், ஊரார் சொல்லைக் கேட்டு மனம் உடையாமல், அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மலையில் பணிபுரியும் செவிலியரும் ஆசிரியரும், ஊசி நாளில் வராத ஒவ்வொரு சிறுமியின் பெயரையும் குறித்து வைத்து, அவள் ஊர் திரும்பியதும் தேடிச் சென்று போட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.