சிறுநீரில் ஒரு குறி: பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தின் வரலாறு

உயிரியல் குறிப்பான் என்னும் கலைச்சொல் அண்மைக்காலத்தது. உடற்கழிவில் நோயின் தடம் தேடும் வழக்கமோ மிகப் பழையது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் இடம்பெறுகிறது. ஆயினும், குறிப்பிட்ட ஒரு புற்றுநோயைச் சுட்டும் வேதிப்பொருள் என இன்று முதலாவதாக எண்ணப்படுவது 1845இல் லண்டனில் கண்டறியப்பட்டதாகும்.

கடும் எலும்பு வலியால் துன்புற்ற வணிகர் ஒருவரை வில்லியம் மெக்கின்டயர் என்னும் மருத்துவர் சோதித்தார். நோயாளியின் சிறுநீரில் தோன்றிய வீழ்படிவு சூடேற்றியபோது கரைந்தது. ஆறியதும் மீண்டும் தோன்றியது. சூட்டில் உறைந்து உறைந்தபடியே நிற்கும் அல்புமினின் இயல்புக்கு இது முற்றிலும் மாறானது. மெக்கின்டயரும் அந்நோயாளியை முன்னரே கண்டிருந்த தாமஸ் வாட்சனும் தனித்தனியே மாதிரிகளை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பினர். 1846 ஜனவரி முதல் நாள் நோயாளி இறந்தார். பிணக்கூறாய்வில் எலும்புகள் மென்மையுற்று நொறுங்கும் நிலையில் இருந்தன.

பென்ஸ் ஜோன்ஸ் தம் ஆய்வை 1847, 1848 ஆண்டுகளில் வெளியிட்டார். அப்பொருளை அல்புமினின் ஓர் ஆக்சைடு என அவர் கருதியது பிழை. எனினும், எலும்பு மென்மையுறும் நோயாளிகளிடம் இதனை மீண்டும் தேடுக என அவர் வலியுறுத்தியதே இவ்வரலாற்றின் மையம். பொருளின் இயல்பைத் தவறாக விளக்கியவர் அதன் பயனைச் சரியாகக் கண்டார். வெப்பப் பண்பை முதலில் கவனித்த மெக்கின்டயரோ 1850இல்தான் தம் கட்டுரையை வெளியிட்டார். புரதத்திற்கு அவர் பெயர் வாய்க்கவில்லை. பெயர்சூட்டலில் கவனித்தவரினும் முந்தி அச்சேற்றியவரே வென்றார் என்பது மறுத்தற்கரியது.

1889இல் ஓட்டோ காலரின் விளக்கத்திற்குப் பின் இப்புரதம் எலும்பு மச்சைப் புற்றாகிய மல்டிப்பிள் மைலோமாவுடன் உறுதியாக இணைக்கப்பட்டது. அதன் மெய்யான இயல்பு தெரிய 1962 வரை காத்திருக்க நேர்ந்தது. ஜெரால்டு எடல்மேனும் ஜோசப் கேலியும் அது எதிர்ப்புரதத்தின் இலகு சங்கிலியே என நிறுவினர். 117 ஆண்டுகள் இன்னதென்று அறியப்படாமலே ஒரு குறி மருத்துவத்தில் பயன்பட்டுவந்தது.

இன்று சிறுநீரைச் சூடேற்றிப் பார்ப்பவர் அரிது. இரத்தத்தில் தனித்துலவும் இலகு சங்கிலிகளே அளக்கப்படுகின்றன. நோயில் மிகும் சங்கிலிக்கும் மற்றதற்குமான விகிதம் 100ஐ எட்டினால், உறுப்புச் சிதைவு தோன்றும் முன்னரே சிகிச்சை தொடங்கலாம் எனப் பன்னாட்டு நோயறி அளவுகோல்கள் 2014இல் திருத்தப்பட்டன.