மேயரின் மனைவி

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் இருக்கும் சின்ன ஊர் சேந்த்-மேர்-எக்லீஸ். 1944 ஜூன் 6 அதிகாலையில் ஜெர்மானியப் பிடியிலிருந்து முதலில் விடுபட்ட பிரெஞ்சு ஊர்களில் ஒன்று. அந்த இரவு தேவாலயச் சதுக்கத்தருகே ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. ஊரார் வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக்கொண்டிருந்தபோது அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் இறங்கினார்கள். ஜான் ஸ்டீல் என்பவரின் பாராசூட் தேவாலயக் கோபுரத்தில் சிக்கிக்கொண்டது. செத்தவர்போல் தொங்கிக் கிடந்து பிழைத்தார். 1962இல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' படம் அவரை உலகறியச் செய்தது. இன்றும் அந்தக் கோபுரத்தில் அவரது உருவபொம்மை தொங்குகிறது; சுற்றுலா வருபவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சிமோன் ரெனோவைப் பார்க்க அண்ணாந்தால் போதாது. மேயர் அலெக்சாந்த்ர் ரெனோவின் மனைவி என்றுதான் அவரை எப்போதும் அறிமுகப்படுத்துகிறார்கள். சண்டைக்குப் பின் ஊரைச் சுற்றி அவசரமாக அமைத்த இடுகாடுகளில் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் புதைக்கப்பட்டனர். அங்கே ஜெனரல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியரின் கல்லறையில் சிமோன் பூ வைக்கும் படத்தை 1944 ஆகஸ்டில் 'லைஃப்' இதழ் வெளியிட்டது. அதைக் கண்ட அமெரிக்கத் தாய்மாரும் மனைவியரும் அவருக்கு எழுதத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளை, தங்கள் கணவன் எங்கே கிடக்கிறான், அவனுக்கும் ஒரு பூ வைக்க முடியுமா என்று கேட்டார்கள். சிமோன் அந்தந்தக் கல்லறையைத் தேடிப் போனார், பூ வைத்தார், பதில் எழுதினார். சில ஆண்டுகளில் உடல்கள் அமெரிக்காவுக்கும் வேறு கல்லறைத் தோட்டங்களுக்கும் மாற்றப்பட்டன. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. 1988இல் சிமோன் இறந்தார்.

'நார்மண்டியின் தாய்' என்று அவருக்குப் பட்டம் தந்திருக்கிறார்கள். (ஊரின் பெயரிலேயே ஒரு புனிதத் தாய் உண்டு.) அன்பில் பிறந்த பட்டம்தான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. வரிசை வரிசையான சிலுவைகளுக்கு நடுவே ஒரு பெயரைத் தேடுவதும், முகம் தெரியாத ஒருத்தியின் துக்கத்துக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து எழுதுவதும் நேரத்தைத் தின்னும் வேலை. ராணுவ அலுவலகத்தில் ஒரு ஆண் இதைச் செய்தால் பதவியும் சம்பளமும் உண்டு. தாய் என்று சொல்லிவிட்டால் அது வேலையாகவே தெரியாது.

பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த அரசாணையின் தேதி 1944 ஏப்ரல் 21. பாராசூட்டுகள் இறங்குவதற்கு ஆறு வாரம் முன்பு. 'லைஃப்' படம் வெளியானபோது அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருந்தது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29இல், உள்ளாட்சித் தேர்தலில். அதுவரை மேயரின் மனைவிக்கு, தன் ஊரின் மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல வழியில்லை.