இரண்டு பெட்டிகள்

குழந்தை கறுப்பை அப்பினால் துக்கம், சிவப்பை அப்பினால் கோபம், கையில்லாத மனிதனைப் போட்டால் பயம் – இப்படியொரு பஞ்சாங்கம் நம் மனோதத்துவப் பத்திகளில் வெகுகாலமாகப் புழங்குகிறது. 1926இல் ஃப்ளாரன்ஸ் குடினஃப் மனித உருவத்தை வரையச் சொல்லிக் குழந்தையின் அறிவை அளந்தார். அந்த அளவுகோலே பின்னர் உணர்ச்சியின் பக்கம் திரும்பிற்று. டெரெசின் சித்திரங்களின் முன் இது செல்லாது என்பது என் கட்சி.

டெரெசின், ப்ராகுக்கு வடக்கே உள்ள கோட்டை நகரம். 1941 இறுதியில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோவாக்கினார்கள். ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-ப்ராண்டைஸ் 1942 டிசம்பரில் அங்கே வந்து சேர்ந்தார். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். யொஹானஸ் இட்டனின் மாணவி, அவரைத் தொடர்ந்து வைமர் பௌஹவுஸுக்குப் போனவர். டெரெசினில் குழந்தைகளுக்கு அவர் சொல்லித்தந்தது, சற்றே வியப்பளிக்கும்படியாக, பௌஹவுஸ் பாடம்தான்: கோட்டின் லயம், பொருளின் தன்மை, கண்ணெதிரே உள்ளதைக் கவனித்தல், கிழித்த காகிதங்களை ஒட்டி உருவம் அமைத்தல். தாள் கிடைப்பதே அரிது. அலுவலகப் படிவங்களின் பின்புறமும் பயன்பட்டது.

அந்தத் தாள்களில் பட்டினி வரிசையும் அடுக்குக் கட்டில்களும் இருக்கின்றன. ஆனால் பூக்களும் வீடுகளும் தோட்டங்களும்தான் கண்ணை நிறைக்கின்றன. பஞ்சாங்கப்படி இவை சந்தோஷமான குழந்தைகள். இது அபத்தம் என்று உணர்ந்தவர்கள், பூ என்றால் நம்பிக்கை என்று மாற்றிப் படிக்கிறார்கள். அதுவும் பஞ்சாங்கமே, பக்கம்தான் வேறு. எனக்குப் படுவது இது: அந்தக் குழந்தை பூவைப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருந்த நேரம்வரை அதற்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலை அதனுடையதாக இருந்தது. உணர்ச்சி எந்தப் பொருளை வரைந்தது என்பதில் இல்லை. கோடு எங்கே தயங்குகிறது, எங்கே அழுந்துகிறது என்பதில் இருக்கிறது. கவிதையில் படிமத்துக்கு அகராதி போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

அவர் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: வரைந்த தாளில் பெயர் எழுத வேண்டும். ரயிலேற்றியபோதே மனிதர்கள் எண்களாகிவிட்ட இடம் அது. (முன்பு ப்ராகில் அகதிக் குழந்தைகளுக்கு அவர் வகுப்பெடுத்தபோது உடனிருந்த ஈடித் க்ராமர் அமெரிக்கா போய், சித்திரத்தை நோய்க்குறியாக அல்லாமல் சிருஷ்டியாகவே மதிக்கும் சிகிச்சை முறையொன்றை வளர்த்தார். வேர் இங்கேதான்.)

1944 இலையுதிர் காலத்தில் கணவரைக் கிழக்கே அனுப்பினார்கள். ஃப்ரீடல் தாமாகவே அடுத்த வண்டிக்குப் பெயர் கொடுத்தார். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கணவர் பிழைத்தார். போகுமுன் சுமார் 4,500 சித்திரங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்துவைக்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும் அவை ப்ராகின் யூத சமூகத்திடம் வந்து சேர்ந்தன. இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பெயர் இருந்ததால் வண்டிப் பட்டியல்களோடு ஒப்பிட முடிந்தது. ஒவ்வொரு சித்திரத்தின் கீழும் பிறந்த தேதி, டெரெசின் வந்த தேதி, பெரும்பாலானவற்றில் ஆஷ்விட்ஸ். பெயர் எழுதாத தாள்களும் சில உண்டு.